சைவப் புலியும் ஒற்றை நட்சத்திரக் காக்காவும்

மனுஷனை மிருகமாக மாற்றுவதற்கு எங்கள் ஆட்டத்தில் ஒரு பொத்தான் போதும். மாறிய பிறகு அவர் சொல்லும் குறையைக் கேட்பதற்குத்தான் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நான். கேஸ் ஏஜென்சி, மின்வாரிய ஆபீஸ், ரயில்வே விசாரணை ஜன்னல் என்று எங்கெங்கோ உட்கார்ந்து, ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிப் பிழைக்கும் என் சக ஜீவன்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் இரண்டு காலில் வருகிறார்கள். அந்த வகையில் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள்.

சைகோனில் தூ டுக் பக்கம் ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனி. ஊருக்குப் பெயர் மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் ஊர்க்காரர்களே வாய் நிறைய சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஆட்டத்தில் நீங்கள் ஒரு வீரர். ஒரு மூலிகைக் கஷாயத்தைக் குடித்தால் புலியாகலாம், பாம்பாகலாம், எருமை, கழுதை, காக்கா எது வேண்டுமானாலும் ஆகலாம். தமிழ்நாட்டில் நிறையப் பேர் இதை ஆட ஆரம்பித்ததும், தமிழில் குறை கேட்க ஆள் தேடினார்கள். சென்னையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கம்பெனியில் எட்டு வருஷம் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு இருந்ததால் உடனே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எடுத்தது ஆறு மாத சோதனைக்கு. தமிழ் ஆட்டக்காரர்கள் எண்ணிக்கை குறையக் கூடாது. ஒவ்வொரு குறைக்கும் ஐந்து நிமிஷத்தில் எழுத்தில் பதில் போக வேண்டும். பதில் கிடைத்ததும் அவர்கள் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவார்கள். அதன் சராசரி நான்குக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டும் தேறினால் வேலை நிரந்தரம், மனைவியை அழைத்து வரக் கம்பெனியே விசா கடிதம் கொடுக்கும். தேறாவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டு என்னைச் சொந்த ஊர் காரைக்காலுக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். கல்யாணமான ஐந்தாம் மாதம் பூங்கொடியைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பி வந்தவன் நான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அந்த விசா கடிதம்தான் எல்லாமும்.

எருமை

ஆட்டத்தில் சேருகிறவருக்கு முதல் உருவம் குலுக்கலில் இலவசமாக விழும். நான் சேர்ந்த முதல் வாரமே திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு விழுந்தது எருமை. உடனே மாற்றித் தரச் சொன்னார். எருமைதான் ஆட்டத்திலேயே பலசாலி, கோட்டைக் கதவை ஒரே முட்டில் பெயர்த்துவிடும், இங்கே வியட்நாமில் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு எழுதினார்: "வீட்ல இருபத்தஞ்சு வருஷமா எங்கப்பா தயவுல எருமையாத்தான் சார் இருக்கேன். இதுக்குத் தனியா ஒரு ஆட்டம் எதுக்கு?"

என் பக்கத்து நாற்காலியில் மின் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயசு. ஆட்டத்து மிருகங்கள் அத்தனையும் அவன் வரைந்தவை. எருமையை மட்டும் நாலு மாதம் உட்கார்ந்து, காதோர மயிர் உட்பட வரைந்திருந்தான். அதை வேண்டாம் என்று ஒருத்தர் திருப்பிக் கொடுக்கிறார் என்றதும் அவன் முகம் தொங்கிப் போயிற்று. எங்கள் பக்கம் அது திட்டுகிற வார்த்தை என்று நான் சங்கடத்தோடு விளக்கினேன். அவன் சொன்னான்: "எங்கம்மா என்னை இன்னிக்கும் எருமைக்கன்னுன்னுதான் கொஞ்சுவாங்க."

பாம்பு

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி. பாம்பாக மாறி எதிரிக் கோட்டைக்குள் நழுவிப் போய் ரத்தினக் கல்லைத் திருடி வர வேண்டும், அதுதான் அவளுக்குப் போட்டிருந்த வேலை. யார் கண்ணிலும் படக் கூடாது, பட்டால் எதிரிகள் வெட்டுவார்கள் என்பது மின் போட்ட கணக்கு. எதிரிகளும் தமிழர்கள் என்பது அவன் கணக்கில் இல்லை. பாம்பைக் கண்டதும் கோட்டைக் காவலர்கள் நாலு பேரும் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் ஓடிப் போய்த் தன் பையில் இருந்த முட்டையை எடுத்து வந்து முன்னால் வைத்திருக்கிறார். இன்னொருவர், "தெரியாம மிதிச்சிருந்தா மன்னிச்சிடு தாயே, ஒரு குறையும் வராமப் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மின் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டத்தில் எங்கேயோ கோளாறு, எதிரிகள் சண்டை போடவில்லை என்று பரபரத்தான். கோளாறு இல்லையப்பா, ஆடி வெள்ளி என்றேன். அதை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பெண் அதற்குள் மறுபடி எழுதிவிட்டாள்: "நான் திருட வந்திருக்கேன் சார். சுத்தி நின்னு கும்பிட்டா எப்படித் திருடறது, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

காக்கா

வேலை நேரத்தில் செல்போனைப் பூட்டு அலமாரியில் போட்டுவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை பூங்கொடி கூப்பிட்டால் அது இரும்பு அலமாரிக்குள் அடித்து ஓயும். "உங்களைப் பிடிக்க என்னதான் வழி?" என்று ஒரு நாள் கேட்டாள். "கஸ்டமரா வா, அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லியே ஆகணும்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தேன். என் வாய்தான், யாரை நோவது.

மறுநாள் காலை திரையில் ஒரு குறை வந்தது. வீரர் பெயர், பூங்கொடி. உருவம், காக்கா. குறை, "கேஸ் புஸ்தகத்தை எங்க வெச்சீங்க?" எனக்கு வேர்த்துவிட்டது. பதிலைக் கம்பெனி வாசகத்தில்தான் தொடங்கி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை ஏற்றுக்கொள்ளாது. எழுதினேன்: "மதிப்பிற்குரிய வீரரே, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். கேஸ் புத்தகம் பீரோவில், நம் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. தங்கள் வீரப் பயணம் தொடரட்டும்." புத்தகம் கிடைத்துவிட்டது. நட்சத்திரம் ஒன்று விழுந்தது.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று குறையாவது காக்கா உருவத்தில் வந்து இறங்கும். மோட்டார் சுவிட்ச் எது, எலக்ட்ரீஷியன் நம்பர் என்ன, சாப்பிட்டீர்களா. ஒவ்வொன்றுக்கும் தவறாமல் ஒரே நட்சத்திரம். சாயங்காலம் கான் ஹொய் பகுதியில் இருந்த என் அறைக்கு வந்ததும் போன் போட்டு, ஏனம்மா என் வயிற்றில் அடிக்கிறாய், கேட்டதற்கெல்லாம் சரியான பதில்தானே சொன்னேன் என்று கெஞ்சினேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "பதில் சரிங்க, அதுக்கு ஒண்ணு போட்டுட்டேன். ஆளு இங்க இல்லையே, மிச்சம் நாலை எப்படிப் போடறது?"

மகாளய அமாவாசை

ஏன் காக்காவாக மாறினாள் என்று கேட்பீர்கள். குலுக்கலில் விழுந்தது, வேறு உருவம் வேண்டுமென்றால் காசு கேட்டது, சரி போகட்டும் என்று இருந்துவிட்டாள். மின் காக்காவை ஒரு நோஞ்சானாகத்தான் வரைந்திருந்தான். ஒரு கல் எறிந்தால் விழுந்துவிடும். ஒற்று வேலைக்கு மட்டும் உதவும் என்று நினைத்தான்.

புரட்டாசி அமாவாசை வந்தது. ஆட்டத்தில் ஒரு விதி உண்டு, மிருகத்துக்கு எதிரில் யார் சாப்பாடு வைத்தாலும் அது சாப்பிடலாம், சாப்பிடச் சாப்பிட எடை கூடும். பூங்கொடி காலையில் கோட்டை மதில் மேல் போய் உட்கார்ந்திருக்கிறாள். எதிரி, தன் படை என்று வித்தியாசமே இல்லாமல் ஆட்கள் வரிசை கட்டி வந்து ஆளுக்கொரு பிடி சோறு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்து மணிக்கு எனக்குக் குறை வந்தது, "பறக்க முடியல." அவள் அனுப்பிய அத்தனை குறைகளிலும் ஆட்டத்தைப் பற்றியது இது ஒன்றுதான். திறந்து பார்த்தால், மின் வரைந்த நோஞ்சான் காக்கா ஒரு பூசணிக்காய் பருமனில் மதில் மேல் உட்கார்ந்திருக்கிறது, எதிரே இன்னும் ஏழெட்டுப் பேர் இலையோடு நிற்கிறார்கள். வேண்டாம் என்று நகர வேண்டியதுதானே, மதிப்பிற்குரிய வீரரே, என்று எழுதினேன். பதில் வந்தது: "எப்படிங்க வேண்டாங்கறது? ஒவ்வொருத்தரும் அவங்கப்பா பேரைச் சொல்லியில்ல வைக்கறாங்க."

கழுதை

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்றால் கழுதைக்குப் பஞ்சம். ஆகவே இரண்டு சிநேகிதர்கள் ஆட்டத்தில் கழுதையாக மாறி, ஒருவருக்கொருவர் மாலை மாற்றிக்கொள்ள, ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் செல்போனில் அட்சதை போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்டத்தில் மாலை மாற்றினால் அது ஜோடிப் படை; ஒருத்தர் போகிற இடத்துக்கெல்லாம் இன்னொருத்தரும் போயாக வேண்டும், பிரிய முடியாது. நான்காம் நாள் எனக்கு எழுதினார்கள்: "மழை வந்துடுச்சு சார், ரொம்ப நன்றி. எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டுடுங்க, இவனுக்கு நிஜத்துல பொண்ணு பாத்திருக்காங்க."

மாலை போட்ட புலி

இனிமேல்தான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த சம்பவம். மன்னார்குடியில் ஜெகதீசன் என்று ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். நாற்பது பேர் கொண்ட படைக்குத் தலைவர், நாற்பதும் புலி. சண்டைக்குக் கிளம்பினால் காடு அதிரும். கார்த்திகைக்கு முந்தின நாள் அவரிடமிருந்து குறை வந்தது. "சாமி சரணம். நாளைக்குப் படை மொத்தமும் மாலை போடறோம். ஆனா எட்டு மணி நேரத்துக்கு ஒரு மானை அடிச்சுத் தின்னலைன்னா புலிக்கு ஜுரம் வந்து படுத்துடுது. என்ன செய்யலாம்?"

அது வெறும் படம்தானே சாமி, நாக்கிலா படுகிறது என்று எழுதிப் பார்த்தேன். கண்ணால் தின்றாலும் தின்றதுதான் என்றார். அப்படியானால் விரதம் முடிகிற வரை எருமையாக மாறிக்கொள்ளுங்கள் என்றேன். புலி சாமியுடைய வாகனம், மாலையைப் போட்டுக்கொண்டு வாகனத்தைத் துறக்கச் சொல்கிறீர்களா என்றார். ஐந்து நிமிஷம் முடிய இருபது வினாடி இருக்கும்போது அவரே இறங்கி வந்தார்: "மான் வேண்டாம் சாமி, இந்த நாப்பத்தெட்டு நாளைக்கு மட்டும் எங்க புலிக்குச் சாத்வீகமா ஏதாவது போடுங்க."

சி ஹான்

என் மேலதிகாரி பெயர் ஹான். "சி" என்றால் அக்கா. ஆபீசில் எல்லோரும் சி ஹான் என்றுதான் கூப்பிடுவோம். என்னைத் தம்பி ஸ்தானத்தில் வைத்திருந்தாலும் கணக்கு என்று வந்துவிட்டால் முகம் இறுகிவிடும். கார்த்திகை முதல் வாரம் முடிந்தபோது தமிழ்க் காட்டில் புலிகள் எல்லாம் ஜுரம் வந்து மரத்தடியில் படுத்துக் கிடந்தன. மன்னார்குடி மட்டும் இல்லை. சேலம், நாமக்கல், தேனி என்று ஊர் ஊராகப் புலி படுத்துவிட்டது. இரண்டாம் வாரம் ஆட்கள் ஆட்டத்தை விட்டே போக ஆரம்பித்தார்கள். எண்ணிக்கைக் கோடு சறுக்கு மரம் மாதிரி இறங்கியது. நான் மூன்று நாள் சி ஹான் கண்ணில் படாமல் மாடிப்படி வழியாகப் போய் வந்தேன். ராத்திரி பூங்கொடியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அங்கே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள்.

நான்காம் நாள் கூப்பிட்டுவிட்டார். விஷம் ஏதாவது கலந்துவிட்டதா, போட்டிக் கம்பெனிக்காரன் வேலையா, உண்மையைச் சொல் என்றார். விரதம் என்றேன். மாலை, கறுப்பு வேட்டி, காலையும் மாலையும் குளியல், கறி கூடாது, கடைசியில் மலை ஏற்றம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன், சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. வேலை போனது என்று மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். சி ஹான் மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். தோஃபு என்கிற சோயாப் பனீர், காளான், கீரை. அன்று பௌர்ணமி. இங்கே பௌர்ணமிக்கும் அமாவாசைக்கு மறுநாளும் பாதி ஊர் சைவம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. அவர் சொன்னார்: "இதுக்கா மூணு நாளா படிக்கட்டுல ஒளிஞ்சு திரிஞ்சே? மாசத்துல ரெண்டு நாள் நானே அந்தப் புலிதான்."

ஓடும் பூசணிக்காய்

சைவப் புலி தயாரிக்கக் கூட்டம் போட்டார்கள். என்ன சாப்பாடு வைப்பது? மின் தோஃபு என்றான். தேனிப் புலி தோஃபுவைக் கண்டால் சோப்புக் கட்டி என்று நினைத்துக் குளிக்கப் போய்விடும் என்றேன். பூசணிக்காய் என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு சிக்கல். புலி துரத்திப் பிடித்ததைத்தான் தின்னும், சும்மா கிடப்பதைத் தின்னாது. அப்படித்தான் அதன் மூளையை எழுதியிருக்கிறார்கள். மூளையை மாற்றி எழுத மூன்று மாதம் ஆகும், அதற்குள் மகர ஜோதியே முடிந்துவிடும். மானின் படத்தை மட்டும் மாற்றினால் ஒரே மத்தியானத்தில் வேலை முடியும். ஆகவே மானை எடுத்துவிட்டுப் பூசணிக்காய் படத்தை வைத்தான் மின். மறுநாள் காலையிலிருந்து எங்கள் காட்டில் பூசணிக்காய்கள் கூட்டம் கூட்டமாகப் புல் மேய்ந்தன. புலியைக் கண்டதும் காதை விடைத்துக்கொண்டு ஓடின.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். அதுவரை ஆடாதவர்களும் பூசணிக்காய் ஓடுவதைப் பார்க்கவென்றே வந்தார்கள். வியட்நாம் காட்டிலும் பௌர்ணமிக்குப் பூசணிக்காய் விடச் சொல்லிக் கேட்டு எழுதினார்கள். எண்ணிக்கைக் கோடு ஏறியதைப் பார்த்து நான் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் ஜெகதீசன் காத்திருந்தார். காதும் வாலும் இன்னும் மானுடையதே என்பதை ஆபீசில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருந்தார்: "சாமி, பூசணிக்காய்க்குப் பின்னாடி வால் ஆடுது. வால் இருந்தா அது சைவத்துல சேருமா?"

ஆறாம் மாதக் கடைசி

தை மாதக் கடைசியில் சி ஹான் முன்னால் போய் உட்கார்ந்தேன். எண்ணிக்கை தேறிவிட்டது. நட்சத்திரம் தேறவில்லை. சராசரி நான்குக்கு ஒரு முடி கீழே நின்றது. எப்படி என்று பார்க்கத் திரையை என் பக்கம் திருப்பினார். எல்லோரும் நாலும் ஐந்துமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு காக்கா மட்டும் அறுபத்து மூன்று குறை அனுப்பி, அறுபத்து மூன்றுக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறது. யார் இது, உன் மேல் என்ன பகை என்று கேட்டார். சொன்னேன். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொன்ன பிறகு தலையை நிமிர்த்தவும் தைரியம் இல்லை.

சி ஹான் மொழிபெயர்ப்பு மெஷினைத் தட்டிவிட்டு அறுபத்து மூன்றையும் முதலிலிருந்து படித்தார். கேஸ் புத்தகம். மோட்டார் சுவிட்ச். மழை பெய்கிறது, அங்கேயும் பெய்கிறதா. மிக்சி ஓடவில்லை. சாப்பிட்டீர்களா. சாப்பிட்டீர்களா. கடைசியில் வந்ததை நானும் அவரோடு சேர்ந்துதான் மறுபடி படித்தேன்: "இன்னிக்கு உங்க சட்டை அஞ்சையும் எடுத்துத் தோய்ச்சு அயர்ன் பண்ணி வெச்சேன். ஏன்னு தெரியல. குறை ஒண்ணும் இல்ல." அதற்கு நான் அனுப்பிய பதிலும் கீழேயே இருந்தது. மதிப்பிற்குரிய வீரரே, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். அதைப் படித்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சி ஹான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, விசா கடிதத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். சராசரி இன்னும் தேறவில்லையே என்று நான்தான் மடையன் மாதிரி ஞாபகப்படுத்தினேன். தாளை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்: "இந்தக் காக்காவை முதல்ல இங்கே வரவழை. அது அங்கே இருக்கிற வரைக்கும் நம்ம நட்சத்திரம் ஏறவே ஏறாது."

சித்திரை அமாவாசை

பூங்கொடி பங்குனியில் வந்து சேர்ந்தாள். கான் ஹொய்யில் மூன்றாம் மாடி, ஒரு அறை, ஒரு முழ அகல பால்கனி, கீழே ஓயாமல் மோட்டார் சைக்கிள். வந்த மறுநாளே குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் சாத்தவில்லை, தலையணை உயரம் என்று குறைகள் நேரிலேயே வர ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சித்திரை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் இங்கே இருக்கும் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் செய்து, இலைத் துண்டில் சோறு பிசைந்து பால்கனிக் கட்டையில் வைத்தாள். என் அப்பா போய் ஆறு வருஷமாகிறது. காக்கா எடுத்த பிறகுதான் நான் சாப்பிடலாம். கா, கா என்று கூப்பிட்டாள். ஒரு புறா வந்தது. "புறா சேராதுங்க" என்று விரட்டினாள். இரண்டு குருவி வந்தது, அதையும் விரட்டினாள். மணி ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். இந்த ஊரில் காக்காவைத் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் நான் பார்த்த ஒரே காக்கா திரையில் வந்த இவள்தான்.

பசியில் எனக்குக் கண் இருட்டியது. வடையில் ஒரு விள்ளல் என்று கை நீட்டினேன், தட்டிவிட்டாள். பிறகு தன் செல்போனை எடுத்து ஆட்டத்தைத் திறந்து, காக்கா உருவத்தைக் கலைத்துவிட்டு வேல் பிடித்த வீராங்கனையாக மாறினாள். கோட்டை மதில் மேல் இலை போட்டுச் சோறு வைத்தாள். என் செல்போனை என் கையில் கொடுத்துக் காக்காவாக மாறச் சொன்னாள். நான் மாறினேன். ஆட்டத்தில் ஒரு பொத்தான் போதும் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா. மதில் மேல் போய் உட்கார்ந்தேன், எதிரே இலை. அப்பா முகம் ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது. பூங்கொடி முகத்தில் சிரிப்பே இல்லை: "உங்கப்பாவை மனசுல நெனச்சுக்கிட்டு மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க. சாப்பிட்டதும் ஆளா மாறி வாங்க, சாம்பார் ஆறுது."

சக ஜீவன்களே, மனுஷனாக மாறி வந்து சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, இப்போதாவது எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன், "ஆளு வந்தாச்சு, ஆனா குழாய் இன்னும் ஒழுகுதே" என்று இரண்டு போட்டாள்.